‘என்டயர்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது?

ஆங்கில அகராதியில் ‘என்டயர்’ என்ற பெயரடைக்கு ‘முழு’ என்று போட்டிருக்கும். தவறில்லை. ஆனால் எல்லா இடத்திலும் அதையே வைத்தால் தமிழாக இருக்காது. ‘என்டயர் வில்லேஜ்’ என்பதை ‘முழு கிராமமும் கலந்துகொண்டது’ என்று எழுதுகிறார்கள். ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் ஓடுவதைப் பார்த்துவிட்டு வருகிறவர் ‘ஊரே வடம் பிடிச்சுது’ என்றுதான் சொல்வார். அந்த ஏகாரம் ஒன்றே போதும், தனியாக ஒரு பெயரடை வேண்டாம்.

பேச்சில் ‘பூரா’, ‘முச்சூடும்’ இரண்டும் உண்டு. ‘குளம் பூரா நிறைஞ்சிட்டு’, ‘ராத்திரி முச்சூடும் மழை’. பூரா வடமொழிப் பூரணத்துக்கு உறவு. கொழுக்கட்டைக்குள் வைக்கிற பூரணமும் அந்த வழிதான். இவையெல்லாம் பெயருக்குப் பின்னால் வருவதைக் கவனியுங்கள். எழுத்திலும் ‘ஊர் முழுவதும்’, ‘நாள் முழுக்க’ என்றால் இயல்பாக இருக்கும்.

சரி, சொல்லின் பிறப்புக்கு வருவோம். மூலம் லத்தீனின் ‘இன்டெகர்’. முன்பகுதி ‘இல்லை’, பின்பகுதி ‘தொடு’ என்ற வினையின் உறவு. ஆக, கை படாதது என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. கணக்குப் பாடத்தில் ‘முழுக்கள்’ என்று படிக்கிற ‘இன்டிஜர்’, நேர்மையைச் சொல்லும் ‘இன்டெக்ரிட்டி’ இரண்டும் உடன்பிறப்புகள்.

தமிழ் வேறு பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறது. ‘முழுதென் கிளவி எஞ்சாப் பொருட்டே’ என்கிறது தொல்காப்பிய உரியியல். மிச்சம் இல்லாததுதான் முழுது. இந்த வேறுபாடு எனக்கு மிகவும் பிடித்தது. மொழிபெயர்ப்பில் சிக்கல் வருவதும் இங்கேதான். மிச்சமில்லை என்ற பொருளுக்கு ‘முழுது’ கச்சிதம். சேதப்படாதது என்ற பொருளுக்கு அது போதாது.

தாவரவியலில் ‘என்டயர்’ இலை என்றால் ‘முழு இலை’ என்று எழுதிவிடக் கூடாது. விளிம்பில் பல்லோ வெட்டோ இல்லாத இலை அது. பூவரசு இலையின் ஓரத்தில் விரலை ஓட்டுங்கள், தடையில்லாமல் வழுக்கிப் போகும். வேப்பிலையில் ஓட்டினால் ரம்பம் மாதிரி தட்டும். பூவரசுதான் ‘என்டயர்’. ‘வெட்டில்லா விளிம்பு’ என்று எழுதலாம். குதிரையைப் பற்றி வந்தால் ‘காயடிக்காத’ என்றே எழுத வேண்டும்.

அப்புறம், ‘ஹோல்’ என்ற சொல்லையும் இதையும் குழப்பக் கூடாது. உளுந்தஞ்சோற்றுக்குத் தொலி உளுந்து வாங்குகிறோம். உடைக்காத முழு உளுந்துக்கு ஆங்கிலத்தில் ‘ஹோல்’ தான், ‘என்டயர்’ வராது. ‘என்டயர்லி’ என்றால் ‘முழுக்க முழுக்க’. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணி முழுக்க முழுக்கத் தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடுகிறது.