செவ்வாய்க்கிழமைக்கு எத்தனை கதிரை?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு மட்டக்களப்பு நகரில் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். விறாந்தைப் படியில் ஒருவர் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார். ஸ்டோர் அறைக்குள் பழைய ஃபைல் பெட்டிகளுக்கு நடுவே இரண்டு பேர். முற்றத்தில் நின்ற வாகனத்துக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு ஒருவர் கொழும்போடு சூம் கூட்டத்தில் இருந்தார். ஐந்து மாதத்துக்கு முன்தான் லட்சக்கணக்கில் செலவழித்துப் புதுப்பித்த அலுவலகம். 40 மேசை இருந்த இடத்தில் இப்போது 18 மேசை, நடுவில் ஒரு சோபா, பக்கத்தில் ஒரு மணி பிளான்ட்.

"சராசரியா ஒரு நாளைக்கு 15 பேர்தான் வாறாங்க, மிஸ். மூண்டு மேசை கூடத்தான் போட்டிருக்கம்" என்றார் பணிப்பாளர்.

கணக்கைக் காட்டச் சொன்னேன். விரல் பதிவு மெஷினிலிருந்து எடுத்த பிரிண்ட் வந்தது. ஒரு சாதாரண வாரத்தில் திங்கள் 9 பேர், செவ்வாய் 33, புதன் 16, வியாழன் 12, வெள்ளி 5. கூட்டினால் 75. ஐந்தால் வகுத்தால் 15. கணக்கில் பிழையே இல்லை. ஆனால் அந்த வாரத்தில் 15 பேர் வந்த நாள் ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம்.

அலுவலகங்களில் கதிரையும் மேசையும் எவ்வளவு பயன்படுகின்றன என்று எண்ணிச் சொல்வது என் வேலை. இப்படிச் சராசரியை நம்பிய அலுவலகம் இந்த வருடத்தில் எனக்கு இது மூன்றாவது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வீட்டிலிருந்து வேலை, அலுவலகத்திலிருந்து வேலை என்று இரண்டும் கலந்த ஹைபிரிட் முறை நம் பக்கத்துக்கு ஆசைப்பட்டு வந்ததில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது வந்தது. 2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற காலத்தில் அரசாங்கமே அரச ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னது. அந்தப் பழக்கம் பல தொண்டு நிறுவனங்களிலும் தனியார் அலுவலகங்களிலும் அப்படியே தங்கிவிட்டது. சரி, நல்லதுதான். பாதி மேசை சும்மா கிடக்கிறது, வாடகையைக் குறைப்போம் என்று நினைப்பதிலும் தவறில்லை. தவறு, அந்தச் சராசரியில் இருக்கிறது.

மாமாங்கேஸ்வரர் கோயிலுக்கு வருடம் முழுக்க வருகிறவர்களை எண்ணி, 365ஆல் வகுத்து, இத்தனை பேருக்கு இந்தச் சின்னப் படிக்கட்டு போதும் என்று யாராவது தீர்த்தக்குளத்தைக் கட்டுவார்களா? ஆடி அமாவாசைத் தீர்த்தத்தன்று அமிர்தகழியில் நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கோயிலில் எல்லோருக்கும் புரிகிற கணக்கு, அலுவலகத்துக்கு வந்ததும் மறந்துபோகிறது. எக்ஸெல் சொன்னால் எதையும் நம்பிவிடுகிறோம்.

ஒரு நாளுக்குள்ளேயும் இதே கதைதான். அதே அலுவலகத்தில் புதன்கிழமை 16 பேர் விரல் வைத்தார்கள். ஒன்பதரைக்குள் ஏழு பேர் வாகரைக்கும் வெல்லாவெளிக்கும் களத்துக்குப் போய்விட்டார்கள். பதினொரு மணிக்கு உள்ளே இருந்தது ஒன்பது பேர். மூன்றரைக்குக் களத்துக்குப் போனவர்கள் திரும்பி வந்து அறிக்கை அடிக்க மேசை தேடினார்கள். விரல் மெஷினுக்கு இதில் எதுவும் தெரியாது. அது சம்பளக் கணக்குக்கு வைத்த மெஷின். ஆள் வாசலைத் தாண்டியது தெரியும், எந்தக் கதிரையில் எவ்வளவு நேரம் இருந்தார் என்று அதற்கு எப்படித் தெரியும்? கள உத்தியோகத்தர்களை வைத்து ஓடுகிற நம்மூர் அலுவலகங்களுக்கு இந்த வித்தியாசம் மிகப் பெரியது.

அப்படியென்றால் 33 மேசை போடவா என்று பணிப்பாளர் கொஞ்சம் கோபமாகவே கேட்டார். வேண்டாம். உச்சத்தைப் பாருங்கள், அது ஏன் வந்தது என்று பாருங்கள். செவ்வாய்க்கிழமை அங்கே இரண்டு பிரிவுகளின் வாராந்தக் கூட்டம். ஏன் இரண்டும் ஒரே நாளில் என்று கேட்டால், எப்போதோ இருந்த ஒரு முகாமையாளருக்கு அது வசதியாக இருந்ததாம். அவர் போய் மூன்று வருடம். ஒரு கூட்டத்தை வியாழனுக்கு மாற்றியதும் செவ்வாய் உச்சம் 24க்கு இறங்கியது. இருக்கிற 18 மேசையோடு ஆறு பேர் இருக்கக்கூடிய ஒரு நீள மேசை போட்டோம். சோபா போய்விட்டது. மணி பிளான்ட் மட்டும் இருக்கிறது.

நான் எண்ணுகிற முறை மிகப் பழையது. ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு சுற்று, கையில் தரைப்படம், பென்சில். பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் பிரான்சிஸ் டஃபியும் அவரோடு இருந்த டி.ஈ.ஜி.டபிள்யூ. நிறுவனத்தாரும், ஆள் இருப்பதைத் தானாக உணரும் சென்சர் எல்லாம் வருவதற்கு முன்பே இப்படி நடந்து நடந்துதான் அலுவலகங்களை எண்ணினார்கள். ஒவ்வொரு கதிரைக்கும் மூன்று குறி: ஆள் இருக்கிறார், பொருள் மட்டும் இருக்கிறது, ஒன்றும் இல்லை. அந்த நடுக் குறியில்தான் நிறைய விஷயம் இருக்கிறது. நம்மூரில் அந்தப் பொருள் பெரும்பாலும் ஹெல்மெட். அதற்குப் பக்கத்தில் மழைக்கோட்டு, சாப்பாட்டுப் பை. ஆள் வாழைச்சேனையில் இருப்பார், ஹெல்மெட் மேசையைக் காவல் காக்கும். பகிர்ந்து பயன்படுத்தும் மேசை என்று அறிவித்துவிட்டு, ஹெல்மெட்டை எங்கே வைப்பது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. வாசலோரம் ஹெல்மெட் தட்டும் ஆளுக்கொரு பூட்டுள்ள லாச்சியும் வைத்த பிறகு, ஓர் அலுவலகத்தில் நாலு மேசை தானாகவே 'கிடைத்தது'. கணக்குப் பிரிவை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். காசோலைப் புத்தகத்தையும் வவுச்சரையும் தூக்கிக்கொண்டு தினம் ஒரு மேசைக்கு அலையச் சொல்வது நியாயமில்லை.

புளியந்தீவில் இன்னோர் அலுவலகம். மேற்குப் பக்கம் ஆறு மேசை, யன்னலைத் திறந்தால் வாவி. கட்டடத்திலேயே அழகான இடம். நாலு நாள் எண்ணியதில் மத்தியானத்துக்குப் பிறகு அங்கே ஒருவர்கூட இல்லை. 'தேவையில்லாத மேசை' என்று கழற்றிவிடத் தீர்மானித்திருந்தார்கள். அங்கே பல வருடமாகத் தேநீர் போடுகிற அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "புள்ள, ரெண்டரைக்குப் பிறகு நீ அதில இருந்து பாரு." இருந்தேன். சூரியன் நேரே முகத்தில். வாவித் தண்ணீரில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் திரையை வெள்ளையாக்கிவிட்டது. கச்சான் காற்றுக் காலம் வேறு, யன்னலைத் திறந்தால் அனல். ஐந்து நிமிடத்துக்கு மேல் என்னால் இருக்க முடியவில்லை. மேசையைத் திருப்பி, வெளியே ஒரு சாய்ப்பு இறக்கி, உள்ளே மூங்கில் தட்டி போட்டதோடு வேலை முடிந்தது. கதிரை காலியாக இருக்கிறது என்பதைத்தான் எண்ணிக்கை சொல்லும். ஏன் காலி என்பதை அந்தக் கதிரையில் இருந்து பார்த்தவரிடம்தான் கேட்க வேண்டும்.

கூட்ட அறைகளைப் பற்றி ஒரு பத்தியில் முடித்துக்கொள்கிறேன், இல்லையென்றால் இரத்த அழுத்தம் கூடிவிடும். 12 பேர் அறையில் ஒரே ஒருவர் ஹெட்செட்டோடு சூமில் இருப்பார். வெளியே நாலு பேர் மாமரத்தடியில் நின்று போனில் கத்துவார்கள். அந்த அறை நாள் முழுக்க 'நிறைந்திருக்கிறது' என்று பதிவேடு சொல்லும், உடனே இன்னொரு பெரிய அறை கட்டுவார்கள். கட்ட வேண்டியது ஒருவர், இருவர் இருக்கும் சின்ன அறைகள். அப்படிக் கட்டும்போது ஜிப்சம் பார்ட்டிஷனைப் பொய்க்கூரையோடு நிறுத்தாதீர்கள், மேலே கொங்கிரீட் வரை கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் அடுத்த அறைக்காரரின் சம்பளப் பேச்சு முழுக்கக் காதில் விழும். அப்புறம் இன்னொன்று: சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது, உள்ளே இருக்கிற காற்றையே குளிராக்கிச் சுற்றவிடும். வெளியே காற்றில் கரியமில வாயு 420 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 420 பங்கு) அளவில் இருக்கும். பத்துப் பேர் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தால் அது 1000ஐத் தாண்ட அதிக நேரம் எடுக்காது. பின்னேரக் கூட்டத்தில் கொட்டாவி விடுகிறவர்களைத் திட்டுவதற்கு முன் யன்னலைக் கொஞ்சம் திறவுங்கள்.

சென்சர் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: 30 பேர் அலுவலகத்துக்குப் பென்சில் போதும். வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், அசைவை வைத்துக் கண்டுபிடிக்கும் வகை, அசையாமல் வாசித்துக்கொண்டிருக்கும் ஆளை 'இல்லை' என்று சொல்லிவிடக்கூடும். வைஃபையை வைத்து எண்ணினால் ஒருவரின் இரண்டு போனும் ஒரு மடிக்கணினியும் மூன்று பேராகும். போதாக்குறைக்கு இப்போதைய போன்கள் வைஃபைக்குக் காட்டும் தங்கள் அடையாள முகவரியையும் மாற்றிக்கொள்கின்றன.

ஒளித்து மட்டும் எதையும் வைக்காதீர்கள். 2016 ஜனவரியில் லண்டனில் டெய்லி டெலிகிராஃப் நாளிதழ் சொல்லாமல் கொள்ளாமல் மேசைக்கடியில் சென்சர் பெட்டிகளைப் பொருத்தியது. ஊழியர்கள் கொதித்துப்போக, அன்றே கழற்ற வேண்டியதாயிற்று. இங்கே 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள். விரலடையாளம் போன்ற தரவை அது விசேட வகையாகவே வைத்திருக்கிறது. கதிரைக் கணக்குக்கு ஒருவருடைய பெயரும் தேவையில்லை. என் தாளில் பெயர் எழுத நிரலே கிடையாது. ஒரு முகாமையாளர் பக்கத்தில் வந்து "அந்தக் கதிரை யாருடையது?" என்று மெதுவாகக் கேட்டார். பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். எண்ணுவது ஆளைப் பிடிக்க என்று தெரிந்துவிட்டால், மறுநாள் எல்லோரும் வந்து கதிரையை நிரப்பிவிடுவார்கள். பிறகு என் கணக்குக்கு என்ன மதிப்பு?

எப்போது எண்ணுவது? சித்திரைப் புத்தாண்டு வாரம் வேண்டாம். நோன்பு மாதம் வேண்டாம். வெள்ளம் வருகிற மார்கழி வேண்டவே வேண்டாம். குறைந்தது இரண்டு முழு வாரம், நன்கொடையாளருக்கு அறிக்கை போகிற வாரம் ஒன்று அதற்குள் வரட்டும். காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று அலுவலகங்களில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் கதிரைகள் காலியாகத்தான் இருக்கும், அதைத் தேவையில்லாத மேசைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மின்வெட்டு நாளைத் தனியாகக் குறித்து வையுங்கள். அன்று ஜெனரேட்டருக்காகவே வீட்டில் இருந்தவர்களும் வந்துவிடுவார்கள்.

பணிப்பாளர்களே, ஒரு வேண்டுகோள். ஓடாவிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் இந்த இரண்டு வாரத்தைக் கொடுங்கள். கழற்றிய மேசைகளையும் உடனே விற்றுவிடாதீர்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை அலுவலகம் பழைய 22 மேசையையும் பழைய சாமான் கடைக்குக் கொடுத்துவிட்டு, ஆறு பேருக்கான நீள மேசையைப் புதிதாகச் செய்வித்தது.

அடுத்த திங்கள் கல்முனையில் ஓர் அலுவலகத்தில் எண்ணத் தொடங்குகிறேன். மூலையில் ஒரு கதிரை மட்டும் கேட்டிருக்கிறேன். தேநீர் தருவதென்றால் மணி அடிக்கும் நேரத்தில் தராதீர்கள், அப்போது நான் சுற்றில் இருப்பேன்.