டாக்ஸ் கிரெடிட்: இதில் கடன் எங்கிருந்து வந்தது?

நியூ ஜெர்சியில் சிறிய உணவகம் நடத்தும் என் பெரியப்பா மகன், போன மாதம் ஒரு தமிழ்க் கையேட்டைப் படித்துவிட்டு போன் செய்தார். ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டுக்காகச் சிறு நிறுவனங்களுக்கு அரசு 'வரிக் கடன்' வழங்குகிறது என்று அதில் இருந்ததாம். ஆங்கிலத்தில் 'டாக்ஸ் கிரெடிட்' என்பதன் மொழிபெயர்ப்பு அது. "வட்டி எவ்வளவுடா? எத்தனை வருஷத்துல கட்டணும்?" என்றார். அது கடனே இல்லை என்று புரியவைக்கக் கால் மணி நேரம் ஆனது. இந்தச் சொல்லால் ஒருவர் குழம்பி நான் பார்ப்பது இது முதல் தடவையும் இல்லை.

விஷயம் இதுதான். 2010-இல் ஒபாமா காலத்தில் வந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் இந்த ஏற்பாடு இருக்கிறது. முழுநேரக் கணக்கில் 25 பேருக்குக் குறைவான ஊழியர்கள் இருக்க வேண்டும். சராசரிச் சம்பளம் ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும். ஊழியரின் பிரீமியத்தில் பாதியாவது முதலாளி கட்ட வேண்டும். 2014 முதல், சிறு நிறுவனங்களுக்கென உள்ள 'ஷாப்' என்ற காப்பீட்டுச் சந்தை வழியாக எடுத்த காப்பீடாகவும் இருக்க வேண்டும். அப்படியிருந்தால் முதலாளி கட்டியதில் 50 சதவீதம் வரை அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகளுக்குக் கிடைக்கும். ஆளும் சம்பளமும் ஏற ஏறத் தொகை தேயும். முதலாளியின் குடும்பத்தார் கணக்கில் வரமாட்டார்கள். அண்ணியைச் சேர்க்கலாமா என்று அண்ணன் கேட்டதற்கு அதுதான் பதில்.

ஒன்பது பேர், குறைந்த சம்பளம், முதலாளி கட்டிய பிரீமியம் 40,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். பாதி, 20,000. இது கட்ட வேண்டிய வரியிலேயே நேராகக் குறையும். நிறுவனத்துக்கு வருமான வரி 22,000 வந்திருந்தால் இனி 2,000 கட்டினால் போதும். இதே 20,000-ஐ வருமானத்தில் கழித்திருந்தால், 21 சதவீத வரி விகிதத்தில் 4,200-தான் மிச்சமாகியிருக்கும். அதனால் இதை 'வரிக் கழிவு' என்று மொழிபெயர்ப்பதும் பொருந்தாது. அது வேறு கணக்கு. 'வரிச் சலுகை' தப்பில்லை, ஆனால் எல்லாச் சலுகைக்கும் அதே பெயர்தான்.

கிரெடிட் என்பதன் வேர் லத்தீனில் 'நம்பு' என்ற வினை. நம்பிக் கொடுத்தது என்பதிலிருந்து கடன் என்ற பொருளும், பேரேட்டில் ஒருவர் பேரில் சேர்க்கும் தொகை என்ற பொருளும் கிளைத்தன. முதல் பொருளுக்குக் கடன் அட்டை சரி. இரண்டாவதற்கு நம் கடைக்காரர்களிடம் தலைமுறை தலைமுறையாகச் சொல் இருக்கிறது: பற்று வரவுக் கணக்கில் வரும் 'வரவு'.

தமிழில் 'கடன்' எங்கே வந்தாலும் அது நாம் செய்தோ கொடுத்தோ தீர்க்க வேண்டியது. கைக்கடன், காலைக்கடன், நேர்த்திக்கடன் எல்லாமே அப்படித்தான். நமக்கு வர வேண்டிய தொகைக்கு அந்தப் பெயரை வைத்தால் பணம் போகும் திசையே மாறிவிடுகிறது. இன்னும் மோசமான இடம் ஒன்று உண்டு. வரிவிலக்குப் பெற்ற தொண்டு நிறுவனங்களுக்கு இதே சட்டத்தில் கட்டிய பிரீமியத்தில் 35 சதவீதம் வரை அரசு பணமாகவே திருப்பித் தருகிறது. அதைத் 'திருப்பிச் செலுத்தத்தக்க வரிக் கடன்' என்று மொழிபெயர்த்தால், படிப்பவர் தலையில் கைவைத்துக்கொள்ள மாட்டாரா?

'வரி வரவு' என்று சிலர் எழுதுகிறார்கள். நல்ல திசை, ஆனால் பட்ஜெட்டையே வரவு செலவுத் திட்டம் என்று படித்த கண்ணுக்கு அது அரசின் வரி வருமானமாகத் தெரியும். 'கணக்கில் வரவு வைத்தார்கள்' என்று வங்கியில் தினமும் சொல்கிறோமே, அதிலிருந்து எடுத்தால் 'வரி வரவுவைப்பு'. யார் கணக்கில் என்ற கேள்விக்கே இடமில்லை. சற்று நீளம்தான், இருக்கட்டும்.

ஜி.எஸ்.டி.யிலும் இதே கோளாறு. சரக்கு வாங்கும்போது கட்டிய வரியை, விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் 'இன்புட் டாக்ஸ் கிரெடிட்'டுக்கு 'உள்ளீட்டு வரிக் கடன்' என்ற சொல் புழங்குகிறது. கடைக்காரர்களோ 'இன்புட் எடுத்தாச்சா?' என்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாமல் இல்லை. நாம் கொடுத்த தமிழ் தப்பாக இருக்கிறது. அகராதியில் முதலில் கிடைக்கும் சொல்லை எடுக்கும் மொழிபெயர்ப்பாளர்கள், யார் யாருக்குப் பணம் தருகிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

அண்ணனிடம், "நீங்க கட்டின பிரீமியத்துல ஒரு பங்கை உங்க வரிக் கணக்குல வரவு வைப்பாங்க" என்றேன். உடனே புரிந்துவிட்டது. ஆடிட்டரைப் பார்க்க நாள் குறித்துக்கொண்டார்.