"கோபம் வந்தா கண்ட்ரோல் பண்ண முடியல" – நிஜமாவா?

கவுன்சிலிங்குக்கு வர்றவங்க கோபத்தப் பத்திப் பேச ஆரம்பிச்சா முதல்ல சொல்றது பெரும்பாலும் இதுதான், "கோபம் வந்துட்டா என்னால கண்ட்ரோல் பண்ணவே முடியல மேடம்". நான் இத அப்படியே நம்புறதில்ல. ஒருத்தர் என் ரூம்லயே மனைவியப் பாத்துக் கத்திட்டு இருந்தார், கழுத்து நரம்பெல்லாம் புடைச்சுக்கிச்சு, அந்த நேரம் பாத்து மேனேஜர் போன், எடுத்தவுடனே "சொல்லுங்க சார், இல்ல சார், ஃப்ரீயாத்தான் இருக்கேன்"னு குரல் சட்டுனு இறங்கிடுச்சு, போன வச்சதும் விட்ட இடத்துல இருந்து மறுபடி கத்தல். அந்தம்மா என்னைப் பாத்து லேசா சிரிச்சாங்க.

வள்ளுவர் வெகுளாமை அதிகாரத்த ஆரம்பிக்கிறதே இங்கதான். "செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான் அல்லிடத்துக் காக்கின்என் காவாக்கால் என்". நம்ம கோபம் பலிக்கிற இடத்துல அடக்குறவன்தான் நிஜமா அடக்குறவன், பலிக்காத இடத்துல அடக்கினா என்ன, விட்டா என்ன. மேனேஜர்கிட்ட அடங்கினதெல்லாம் கணக்குலயே வராது. ஆள் பாத்து வர்ற கோபத்துக்குப் போய் "என் சுபாவமே அப்படி"னு பேரு வேற.

கோபக்காரங்க வீடு பெரும்பாலும் அமைதியா இருக்கும், அத அவங்க மரியாதைனு நினைச்சுக்குவாங்க. வண்டிச் சத்தம் கேட்டா டிவி வால்யூம் குறையும், பையன் ஸ்கூல்ல நடந்தத அம்மாகிட்ட மட்டும் சொல்லுவான், மனைவி தன்னோட டெஸ்ட் ரிசல்ட்டக் கூட "மூடு பாத்து சொல்லிக்கலாம்"னு தள்ளிப் போடுவாங்க, கடைசில சொந்த வீட்டுல நடக்குறது எதுவுமே தெரியாத ஆளா இவர் மட்டும் நிப்பார். சினம் "இனமென்னும் ஏமப் புணையைச் சுடும்"னு, அதாவது நம்மளக் காப்பாத்துற சொந்தங்கள்ங்கிற தெப்பத்தையே எரிச்சிடும்னு, 306-வது குறள் சொல்றது இதத்தான்.

"கொட்டித் தீத்துட்டா லேசாயிடும்"னு சிலர் சொல்வாங்க. ஆகாது, கத்தக் கத்த பழகித்தான் போகும். மனசுக்குள்ளயே ஓட்டிட்டு இருந்தாலும் உடம்பு விடாது, 2024-ல அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் இதழ்ல வந்த ஆய்வுல ஆரோக்கியமா இருக்கிறவங்கள கோபம் வந்த ஒரு சம்பவத்த 8 நிமிஷம் நினைச்சுப் பாக்கச் சொன்னாங்க, அவ்வளவுதான், ரத்தக்குழாய் விரியுற தன்மை 40 நிமிஷம் வரைக்கும் குறைஞ்சிருந்துச்சு.

கீதைல 2-ஆம் அத்தியாயம் 62, 63 ஸ்லோகங்களும் நினைப்புல இருந்துதான் தொடங்குது. ஒண்ணயே நினைக்க நினைக்க பற்று, பற்றுல இருந்து ஆசை, ஆசைல இருந்து கோபம், அப்புறம் மயக்கம், நினைவு தப்புறது, புத்தி கெடுறது. அதனால நான் கத்துற நிமிஷத்தப் பத்தி அதிகம் கேக்கிறதில்ல, வீட்டுக்கு வர்ற வழி முழுக்க மனசுல என்ன வசனம் ஓடுச்சுனு கேப்பேன். பல்லக் கடிக்கிறது தெரிஞ்ச உடனே மூச்ச மெதுவா, நீளமா வெளிய விடுங்க, "பத்து நிமிஷத்துல வந்து பேசுறேன்"னு சொல்லிட்டு எழுந்து போங்க, சொன்னபடி திரும்பி வாங்க, வராம இருக்கிறதும் ஒரு தண்டனைதான்.

முன்னாடி இல்லாத எரிச்சல் புதுசா வந்திருந்தா டாக்டரப் பாருங்க, தூக்கமின்மை, மனச்சோர்வு, தைராய்டு, குடினு காரணம் எதுவா வேணா இருக்கலாம். கை நீட்டுற அளவுக்குப் போயிருந்தா மூச்சுப் பயிற்சி பேச்செல்லாம் அப்புறம், அடி வாங்குறவங்க முதல்ல பாதுகாப்பான இடத்துக்குப் போகணும்.