கார்பன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் அரசியல் கட்சிகளிடம் கேட்க வேண்டியவை

மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கத்து நில வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞர் நான். கொஞ்ச காலமாக, பட்டா நகல்களோடு கார்பன் ஒப்பந்தங்களும் என் மேசைக்கு வருகின்றன. காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டினால் நெல் வயலில் பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு குறையும், அந்தக் குறைவைக் கார்பன் கிரெடிட்டாக, அதாவது இவ்வளவு குறைத்தோம் என்ற சான்றாக விற்று உங்களுக்குப் பங்கு தருவோம் என்கிறார்கள் ஏஜென்ட்கள். அறிவியல் சரிதான். தேங்கிய தண்ணீருக்கடியில், காற்றில்லாத சேற்றில்தான் மீத்தேன் உருவாகிறது. இடையிடையே வயலைக் காயவிட்டால் அது பாதியளவுக்குக்கூடக் குறையலாம்.

எனக்குக் கவலை ஒப்பந்தத்தின் காலம். பத்து வருஷம், இருபது வருஷம் என்று எழுதுகிறார்கள். விலையோ 'சந்தை நிலவரப்படி'. நெல்லை வாங்க எப்போதும் ஆள் இருக்கும். கார்பன் கிரெடிட்டுக்கு அப்படி இல்லை. சட்டம் கட்டாயப்படுத்தினால்தான் அதை வாங்க நிலையான ஆள் கிடைக்கும். அந்தச் சட்டமோ கட்சிகள் எடுக்கும் நிலைப்பாட்டைப் பொறுத்தது.

ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் பாருங்கள். 2007 தேர்தலில் அங்கே இரண்டு பெரிய தரப்புகளும் உமிழ்வு வணிகத் திட்டத்தை, அதாவது ஆலைகள் வெளிவிடும் வாயுவுக்கு வரம்பு வைத்து அந்த உரிமையை விற்க வாங்க விடும் திட்டத்தை ஆதரித்தன. 2009 டிசம்பரில், அதற்குத் துணை நின்ற எதிர்க்கட்சியான லிபரல் கட்சியின் தலைவர் மால்கம் டர்ன்புல் ஒரே ஒரு ஓட்டில் டோனி அபாட்டிடம் பதவி இழந்தார். மறுநாளே மசோதா செனட்டில் தோற்றது. இலக்கு போதாது என்று பசுமைக் கட்சியும் எதிர்த்து ஓட்டுப் போட்டது. பிறகு 2012 ஜூலையில் லேபர் கட்சி அரசு ஒரு டன் உமிழ்வுக்கு 23 ஆஸ்திரேலிய டாலர் விலை வைத்தது. 2014 ஜூலையில் அபாட் அரசு அதை ரத்து செய்தது. 2011ஆம் ஆண்டுச் சட்டத்தை நம்பிக் கார்பன் பண்ணைத் திட்டத்தில் சேர்ந்த விவசாயிகளின் கதி? கட்டாயத்தால் வாங்கிய ஆலைகள் விலகிக்கொண்டன. அரசே ஏலத்தில் வாங்கும் நிலை வந்தது. ஒரு ஒப்பந்தத்தின் ஆயுளுக்குள்ளேயே இத்தனையும் நடந்துவிட்டது.

இங்கே அந்த அளவுக்கு விவாதமே நடக்கவில்லை. கார்பன் கிரெடிட் வணிகத்துக்கு வழிவகுக்கும் ஆற்றல் சேமிப்புத் திருத்த மசோதாவை 2022 ஆகஸ்டில் மக்களவையும் டிசம்பரில் மாநிலங்களவையும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றின. சுற்றுச்சூழல் அமைச்சகம் இருக்க மின்துறை ஏன் இதை நடத்த வேண்டும் என்ற கேள்வி எழுந்தது, அதோடு சரி. 2023 ஜூனில் கார்பன் கிரெடிட் வணிகத் திட்டம் அறிவிக்கப்பட்டது. இதில் நாட்டின் மொத்த உமிழ்வுக்கு வரம்பு இல்லை. ஒரு டன் பொருள் செய்ய எவ்வளவு உமிழலாம் என்பதுதான் இலக்கு. 2025 அக்டோபரில் சிமெண்ட், அலுமினியம், காகிதம், குளோர்-ஆல்கலி (உப்பிலிருந்து குளோரின், காஸ்டிக் சோடா தயாரிப்பு) ஆகிய துறைகளுக்கு இலக்கு வைத்தார்கள். அரியலூரின் சிமெண்டும் புகளூரின் காகிதமும் இந்தத் துறைகளில் அடங்கும். அனல்மின் நிலையங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. வேளாண்மை, விருப்பமுள்ளவர்கள் சேரும் பிரிவில் இருக்கிறது.

டெல்டாவின் சிக்கல் இனிமேல்தான் தொடங்குகிறது. இங்கே நிலம் ஒருவருடையது, உழுகிறவர் இன்னொருவர். கோயில் நிலம், மடத்து நிலம், வெளியூரில் இருப்பவர்களின் நிலம் என எல்லாம் குத்தகையில் கிடக்கிறது. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969லேயே சட்டம் வந்தும், வாய்ப்பேச்சில் நடக்கும் குத்தகைதான் இன்னும் ஏராளம். வயலைக் காயவிட்டு, களை கூடினால் ஆள் வைத்துப் பறிப்பவர் குத்தகைதாரர். கிரெடிட் யாருக்கு? 2022 சட்டத்தில் குத்தகைதாரர் என்ற பேச்சே இல்லை. ஏஜென்ட் பட்டாதாரரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டால், பாடுபட்டவருக்குக் கேட்கும் வழிகூட இருக்காது. இதை நினைத்தால் எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது.

தண்ணீரும் நம் கையில் இல்லை. போர்வெல் உள்ளவர்கள் குறுவையில் காய்ச்சலும் பாய்ச்சலும் செய்யலாம். சம்பாவில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வயலை யார் காயவைப்பது? முறைப்பாசனத்தில் வாய்க்கால் வறண்டு தானாகக் காய்ந்தால் அதைச் சேமிப்பு என்று கணக்கில் ஏற்ற முடியுமா? கணக்கு தவறினால் எல்லாமே போகும். 2024இல் வெர்ரா என்ற சர்வதேசப் பதிவு அமைப்பு சீனாவின் 37 நெல் திட்டங்களை நிராகரித்தது.

நம் கட்சிகளை அசைக்க முடியாது என்று சொல்லாதீர்கள். நிலத்தடியிலிருந்து மீத்தேன் எரிவாயு எடுக்கும் மன்னார்குடித் திட்டத்துக்கு 2011 ஜனவரியில் திமுக ஆட்சியில் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டார்கள். இயற்கை வேளாண்மை அறிஞர் நம்மாழ்வாரும் விவசாயிகளும் ஊர் ஊராகப் போய் அதை எதிர்த்துப் பேசினார்கள். 2013இல் அதிமுக அரசு அதை நிறுத்திவைத்தது. திமுகவும் எதிர்ப்புப் பக்கம் வந்தது. 2020இல் டெல்டாவில் இப்படிப்பட்ட புதிய திட்டங்களைத் தடுக்கும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமே வந்தது.

அதனால் ஓட்டுக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சியானாலும் கேளுங்கள். குத்தகைதாரருக்குப் பங்கு உண்டு என்று சட்டத்தில் எழுதுவீர்களா? கட்டாய இலக்கு உள்ள ஆலை என் கிரெடிட்டை வாங்கித் தன் கணக்கில் சேர்க்க விடுவீர்களா? குறைந்தபட்ச விலை வைப்பீர்களா?

அதுவரைக்கும், ஏஜென்ட் வந்தால் ஒப்பந்தத்தின் தமிழ் நகல் கேளுங்கள். சட்டம் மாறினாலோ கிரெடிட் ரத்தானாலோ நஷ்டம் யாருக்கு, நடுவில் விலகினால் என்ன தொகை கட்ட வேண்டும், குத்தகைதாரர் பெயர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.