முதல் தங்கக் காசு: "இதையே திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு?"

நான் ஒரு வங்கியில் நகை மதிப்பீட்டாளர். அப்பா பட்டறை வைத்திருந்தவர். உரைகல் பிடிக்கக் கற்றது அவரிடம்தான். இப்போது மேசையில் காரட் மீட்டரும் இருக்கிறது. அடகுக்கு வருவதை எடை போட்டு, டச் (தங்கத்தின் தூய்மை) பார்த்து, மதிப்பு எழுதிக் கொடுப்பது என் வேலை. இத்தனை வருடத்தில் போலிக் காசு கொண்டுவந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நல்ல காசையே அதிக விலைக்கு வாங்கியவர்கள்தான் வாரம் தவறாமல் வருகிறார்கள். அதுவும் அவர்களுக்கே தெரியாமல்.

போன வருடம் தையல் வேலை பார்க்கும் ஓர் அம்மா ஐந்து காசுகளோடு வந்தார். எல்லாம் ஒரு கிராம். அட்சய திருதியைக்கு ஒன்றாக ஐந்து வருடம் வாங்கியது.

"அஞ்சும் 24 காரட் சார். எவ்வளவு கடன் கிடைக்கும்?"

காசுக்குக் கடன் என்பதே கொஞ்சம் சிக்கலான விஷயம். ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவருக்கு 50 கிராம் வரை காசுக்குக் கடன் கொடுக்கலாம். பிஸ்கட், கட்டித் தங்கத்துக்குக் கிடையாது. கடையில் வாங்கிய காசை ஏற்பதா என்பதில் வங்கிக்கு வங்கி வழக்கம் வேறு. எங்கள் கிளையில் அப்போது வங்கிகள் விற்ற காசை மட்டும்தான் எடுத்தோம். அவருடையவை கடையில் வாங்கியவை. விற்பதைத் தவிர அவருக்கு வழியில்லை. ஆனால் பில் ஐந்தையும் மடிப்புக் கலையாமல் வைத்திருந்தார். வாங்கிப் பார்த்தேன். போர்டு விலைக்கு மேல் 8%, 10%, ஒரு வருடம் 12% 'மேக்கிங்', அதாவது செய்கூலி. அதற்கு மேல் ஜிஎஸ்டி. அச்சில் அடித்து எடுக்கும் காசுக்கு, கொடியும் பூவுமாக இழைத்த வளையலுக்கு வாங்குவது போலக் கூலி.

அவரிடம் அதைச் சொன்னபோது நம்பவில்லை. நம்பாததில் வியப்பும் இல்லை. ஐந்து வருடத்தில் தங்கம் ஏறிய ஏற்றத்தில் அவருக்கு லாபம்தான். விலை ஏறும்போது இந்த ஓட்டை கண்ணில் படாது. வாங்கிய மறு மாதமே விற்க வேண்டிய நிலை வந்தவர்களுக்குத்தான் அது சுருக்கென்று தைக்கும்.

அதனால் முதல் காசு வாங்கப் போகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: இன்றைய விலை என்ன என்று கடையில் கேட்காதீர்கள், அது போர்டிலேயே இருக்கிறது. "இந்தக் காசை இப்பவே திருப்பிக் கொடுத்தா, ரொக்கமா எவ்வளவு தருவீங்க?" என்று கேளுங்கள். நீங்கள் கொடுக்கும் தொகைக்கும் அவர் சொல்லும் தொகைக்கும் உள்ள இடைவெளிதான் காசின் உண்மையான செலவு.

கணக்குக்கு எளிதாக 24 காரட் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் காசுக்கு 8% கூலி போட்டால் 10,800. அதன் மேல் 3% ஜிஎஸ்டி சேர்த்து 11,124. திருப்பிக் கொடுத்தால் 2% கழித்து 9,800 தருகிறார் என்றால் இடைவெளி 1,324 ரூபாய். இப்போது 8 கிராம் காசு, கூலி 2%. ஜிஎஸ்டியோடு 84,048. திரும்பி வருவது 78,400. இடைவெளி 5,648, கிராமுக்கு 706 ரூபாய். ஒரு கிராமாக எட்டுக் காசு வாங்கியிருந்தால் 10,592 ரூபாய் போயிருக்கும். ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஜிஎஸ்டியில் பேரம் இல்லை, அது போனது போனதுதான். கூலியில் பேரம் உண்டு. 8 கிராம் காசுக்கு 3 சதவீதத்துக்கு மேல் கேட்டால் நானாக இருந்தால் பக்கத்துக் கடைக்குப் போவேன்.

சிறுகச் சிறுகத்தான் வாங்க முடியும் என்பவர்கள் பணத்தைச் சிறுகச் சேர்த்து, காசை ஒரேயடியாக வாங்கலாம். சேர்க்க நகைச் சீட்டு போடுவதானால் முதலில் ஒன்றை விசாரியுங்கள். பல கடைகளில் சீட்டு முடிவில் நகைதான் எடுக்க முடியும், காசு தரமாட்டார்கள்.

சரி, 22 காரட்டா 24 காரட்டா? நம் வீடுகளில் 'ஒரு பவுன் காசு' என்றால் பெரும்பாலும் 22 காரட், 8 கிராம். பவுன், சவரன் என்ற பேச்சே பிரிட்டிஷ் சவரன் நாணயத்திலிருந்து வந்தது. அதுவும் 22 காரட்தான், எடை 7.98 கிராம். 8 கிராம் 22 காரட் காசில் சுத்தத் தங்கம் 7.33 கிராம். எது வாங்கினாலும் தப்பில்லை, எந்த விலைக்கு எது என்று தெரிந்தால் போதும். 24 காரட் 10,000 என்றால் 22 காரட் (916, அதாவது 91.6% தங்கம்) 9,160 பக்கம் இருக்க வேண்டும். "916 காசு, சேதாரமே இல்லை" என்று சொல்லிவிட்டு கிராமுக்கு 9,600 போட்டிருந்தால், சேதாரம் விலைக்குள் ஒளிந்திருக்கிறது.

முத்திரை விஷயத்திலும் குழப்பம் உண்டு. நகைக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை, தூய்மை எண், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இட அடையாளக் குறியீடான எச்யூஐடி மூன்றும் கட்டாயம். 2020-ஆம் ஆண்டின் ஹால்மார்க் ஆணை காசுக்கு விலக்கு கொடுத்திருக்கிறது. ஆகவே எச்யூஐடி இல்லாத காசெல்லாம் போலி அல்ல. அதே சமயம் '999' (99.9% தங்கம்) என்று வெறுமனே அடித்திருப்பது கடைக்காரரின் வாய்வார்த்தைதான், அதற்கு மேல் இல்லை. எச்யூஐடி இருந்தால் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பாருங்கள், ஒரு நிமிட வேலை. 2015-இல் வந்த இந்தியத் தங்க நாணயம், ஒரு பக்கம் அசோகச் சக்கரமும் மறுபக்கம் காந்தியும் உள்ளது, 24 காரட் 999, ஹால்மார்க்கோடு வருவது.

வங்கியில் வாங்கினால் நம்பிக்கை என்கிறார்கள். தூய்மையில் சந்தேகம் வேண்டாம்தான். ஆனால் வங்கி தான் விற்ற காசைத் தானே திரும்ப வாங்காது. ரிசர்வ் வங்கி அதை அனுமதிக்கவில்லை. விற்கும் நாளில் கடைக்குத்தான் போயாக வேண்டும். வேறு இடத்தில் வாங்கிய காசு என்று அங்கே இன்னும் கொஞ்சம் கழிப்பார்கள். (வங்கிக்காரனே இதைச் சொல்லலாமா என்று கேட்காதீர்கள். நான் வங்கிச் சம்பளக்காரன் அல்ல, மதிப்பீட்டுக்குக் கமிஷன் வாங்குபவன்.)

கடைக்காரர் "முழு விலை தருவோம்" என்று சொன்னால், எக்ஸ்சேஞ்சுக்கா ரொக்கத்துக்கா என்று கேட்டுவிடுங்கள். எக்ஸ்சேஞ்சில் காசுக்கு முழு விலை கிடைக்கும். பதிலுக்கு எடுக்கும் நகையின் சேதாரத்தில் அது கரைந்துவிடும். பில் வேண்டாம், எஸ்டிமேட் போதும், ஜிஎஸ்டி மிச்சம் என்பவரிடம் வாங்கவே வேண்டாம். அந்தத் துண்டுச் சீட்டை நாளை அவர் கடையிலேயே ஏற்கமாட்டார்கள். பில்லில் எடை, தூய்மை, கிராம் விலை, கூலி தனித்தனியாக இருக்கட்டும்.

அப்புறம், கவரைப் பிரிக்காதீர்கள். அந்த அம்மா ஒரு காசைப் பிரித்து, பேத்தி கழுத்தில் போட வளையம் வைத்திருந்தார். பற்றவைக்கும் பொடி சேர்ந்ததும் அது 24 காரட் கணக்கில் நிற்காது. உருக்கிப் பார்த்துத்தான் சொல்வோம் என்றுதான் எந்தக் கடையிலும் சொல்வார்கள். வளையம் வைத்ததை மட்டும் வீட்டில் வைத்துக்கொண்டு மற்ற நான்கையும் விற்றார்.

இந்த வருடம் மறுபடி வந்தார், அடகுக்கு அல்ல. அட்சய திருதியை கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு மூன்று கடை ஏறி இறங்கி ஒரு 4 கிராம் காசு வாங்கியிருந்தார். முதல் கடையில் அந்தக் கேள்விக்குச் சிரித்தார்களாம். மூன்றாவது கடைப் பையன் உள்ளே போய் முதலாளியைக் கேட்டு, தொகையை பில்லின் பின்பக்கமே எழுதிக் கொடுத்திருக்கிறான். அதைத்தான் காட்ட வந்திருந்தார். கூலி 3%. பரவாயில்லை என்றேன்.

கிளம்பும்போது, "இதுக்கு ஒரு வளையம் வச்சுக்கலாமா சார்?" என்றார்.

"பேத்திக்குத்தான் ஒண்ணு இருக்கேம்மா."

"இது எனக்கு."