இலையுதிர் காலத்தில் மேலேறி வரும் பாதரசம்

ஏரியில் கலந்துவிட்ட பாதரசம் ஆண்டு முழுவதும் ஒரே சீராகத்தானே உயிர்களைச் சேரும், அதற்கும் பருவத்துக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அமெரிக்காவின் சிராக்யூஸ் நகரை ஒட்டியுள்ள ஒனொன்டாகா ஏரி இதற்கு மிகத் தெளிவாக விடை சொல்கிறது. 1946 முதல் 1970 வரை குளோரின் ஆலைக் கழிவின் வழியாக ஏறத்தாழ 75 டன் பாதரசம் அதில் சேர்ந்தது. 1970இல் அங்கே மீன்பிடிக்கத் தடை விதிக்கப்பட்டது.

கோடையில் வெதுவெதுப்பான மேல்நீர் குளிர்ந்த அடிநீரின் மீது மிதப்பதால் இரண்டும் கலப்பதில்லை. மேலே செத்து விழும் பாசியை ஆழத்தில் மட்கச் செய்யும் பாக்டீரியாக்கள் அங்குள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன.

வியப்பே இதற்குப் பின்னர்தான் தொடங்குகிறது. ஆக்சிஜன் தீர்ந்ததும் சுவாசம் நின்றுவிடுவதில்லை. அதிக ஆற்றல் தரும் பொருள் முதலில், குறைவாகத் தருவது பின்னர் என்ற வரிசையில் நைட்ரேட், மாங்கனீசு, இரும்பு ஆகியவற்றின் சேர்மங்களும் கடைசியில் சல்பேட்டும் அதற்குப் பயன்படுகின்றன. சல்பேட்டைக் கொண்டு சுவாசிக்கும் பாக்டீரியாக்களில் பல, பாதரசத்துடன் ஒரு மெத்தில் தொகுதியை (ஒரு கார்பன் அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் கொண்ட சிறு கூறு) இணைத்துவிடுகின்றன. சாதாரணப் பாதரசத்தைப் போலன்றி, இந்த மெத்தில் பாதரசம் உடலின் புரதங்களில் ஒட்டிக்கொண்டு எளிதில் வெளியேறாததால், பாசியிலிருந்து மிதவை உயிரிகளுக்கும், அவற்றிலிருந்து சிறுமீனுக்கும் பெருமீனுக்கும் படிப்படியாகச் செறிவு கூடிக்கொண்டே போகிறது.

கோடை முழுவதும் ஆழத்தில் அடைபட்டிருந்த இந்த நஞ்சு, இலையுதிர் காலத்தில் மேல்நீர் குளிர்ந்து கனத்து இறங்கி ஏரி முழுவதும் கலக்கும்போது, உயிர்கள் மிகுந்த மேற்பரப்பை அடைகிறது. சில வாரங்களே வாழும் மிதவை உயிரிகளில் பருவ மாற்றம் விரைவில் தெரியும். பல ஆண்டுகள் வாழும் பெரிய மீன்களோ ஒவ்வோர் இலையுதிர் காலத்தின் பங்கையும் உடலில் சேர்த்துக்கொண்டே போகின்றன.

2004இல் நகரின் கழிவுநீர் நிலையம், அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் வகையில் மேம்படுத்தப்பட்டது. பாதரசத்தை எண்ணிச் செய்யப்படாத அந்த மாற்றத்துக்குப் பின், ஆழத்து நீரில் மெத்தில் பாதரசம் குறைந்தது. நைட்ரேட் தீராதவரை சல்பேட்டுக்கு முறை வருவதில்லை அல்லவா? ஆண்டுக்கணக்கில் ஏரிநீரை இடைவிடாமல் அளந்து வந்தவர்கள் இருந்ததால்தான் இது கண்ணில் பட்டது. இத்தகைய நீண்டகால அளவீட்டைப் புதுமையற்ற வேலையென்று ஒதுக்கி, மூன்றாண்டுத் திட்டங்களுக்கு மட்டுமே நிதி வழங்குவது பெருந்தவறு என்பது என் உறுதியான கருத்து.

2011இல் தொடங்கி மூன்று ஆண்டுகள், கோடைகாலத்தில் படகிலிருந்து கால்சியம் நைட்ரேட் கரைசலை ஆழத்தில் செலுத்திப் பார்த்தார்கள். பாசிக்கு உரமாகிவிடும் நைட்ரேட்டும் பல நீர்நிலைகளில் மாசுதான். ஆனால் இந்த ஏரியில் பாசியின் வளர்ச்சியைப் பெரிதும் கட்டுப்படுத்துவது பாஸ்பரஸ் என்பதால் துணிந்து செய்ய முடிந்தது. அடிநீரில் மெத்தில் பாதரசம் பெரிதும் தாழ்ந்தது. பழைய பாதரசம் இன்னும் அடிச்சேற்றில் இருக்கிறது என்பதால், சோதனைக் காலம் முடிந்த பின்னரும் நைட்ரேட் செலுத்தும் பணி தொடரப்பட்டது.