பாட்டுக்கும் மூளை அலைக்கும் நடுவே மூச்சு

சிங்கப்பூரில் பிஎஸ்எல்இ எனும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு நெருங்கினால் போதும், குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு காணொளி சுற்ற ஆரம்பித்துவிடும். நீல நிறத்தில் ஒரு தலை, அதற்குள் மின்னும் கோடுகள், பின்னணியில் நீண்டு ஒலிக்கும் ரீங்காரம். ‘10 ஹெர்ட்ஸ் ஆல்பா அலை இசை, மூன்று மணி நேரம், பதற்றம் பறந்துவிடும்’ என்று தலைப்பு. பிள்ளைக்காகப் போட்டதைக் கேட்டு அப்பா முதலில் தூங்கிவிடுகிறார் என்பது வேறு விஷயம்.

இதில் ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது. ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு. 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள எதுவும் மனிதக் காதுக்குச் சுரமாகக் கேட்காது. அப்படியானால் அந்தப் 10 எங்கே ஒளிந்திருக்கிறது? இசை மனத்தைத் தளர்த்தும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது போகிற வழி இந்தக் காணொளிகள் சொல்லும் வழி அல்ல.

முதலில் மூளை அலை என்றால் என்ன என்று பார்ப்போம். மூளையின் மேலடுக்கில் இருக்கும் நரம்பணுக்கள் ஒன்றிடமிருந்து ஒன்று செய்தி வாங்கும்போது மிகச் சிறிய மின்னழுத்தம் உண்டாகிறது. மண்டையோட்டையும் தோலையும் தாண்டி வெளியே வரும்போது அது சில பத்து மைக்ரோவோல்ட் மட்டுமே. தலையில் பசை தடவி ஒட்டிய மின்முனைகள் அதைப் பிடிக்கின்றன. தேக்கா சந்தைக்கு எதிர்ப்புறம் நின்றால், உள்ளே மீன் விலை பேசுவது யார், கறிவேப்பிலை கேட்பது யார் என்று தெரியாது. மொத்த இரைச்சல்தான் காதில் விழும். எல்லாரும் ஒரே சீராகக் கைதட்டினால் அது மட்டும் தெருவைத் தாண்டித் தெளிவாகக் கேட்கும். மின்முனைக்கும் அப்படித்தான். லட்சக்கணக்கான அணுக்கள் ஒன்றுசேர்ந்து ஏறி இறங்கினால்தான் அலை பெரிதாகத் தெரியும்.

இதை மனிதத் தலையிலிருந்து முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனியின் யேனா நகர மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். 1924இல் பதிவு செய்தார், 1929இல்தான் வெளியிட்டார். (ஒருவர் மனம் இன்னொருவருக்கு எட்டுவது எப்படி என்று கண்டுபிடிக்கப் போன மனிதர் அவர். அது கிடைக்கவில்லை, இது கிடைத்தது.) அவர் கண்ணில் முதலில் பட்டது நொடிக்கு 8 முதல் 13 முறை அசையும் அலை. ஆல்பா என்று பெயரிட்டார். கண்ணை மூடினால் தலையின் பின்பகுதியில் அது பெரிதாகும், திறந்தால் சட்டென்று சுருங்கிவிடும். ஆழ்ந்த உறக்கத்தில் 4 ஹெர்ட்ஸுக்குக் குறைவான டெல்டா, அரைத்தூக்கத்தில் 4 முதல் 8 வரையிலான தீட்டா, சுறுசுறுப்பாக இருக்கும்போது 13க்கு மேலான பீட்டா என்பதெல்லாம் அதன்பின் வந்த வகைப்பாடு.

கண்ணை மூடினாலே ஆல்பா ஏறும் என்பதைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரைக் கண்மூடிப் பாட்டுக் கேட்கவைத்து, ‘பாருங்கள், ஆல்பா கூடிவிட்டது’ என்றால், கண்ணை மூடிச் சும்மா உட்கார்ந்திருந்தபோது எவ்வளவு இருந்தது என்று கேட்க வேண்டும். அந்த ஒப்பீடு இல்லாத விளம்பரத்துக்கு மதிப்பில்லை. தவிர, ஆல்பா என்றாலே அமைதி என்பதும் முழுக்கச் சரியல்ல. ஒரு தொலைபேசி எண்ணை மனத்தில் பிடித்துவைத்திருக்கும்போதுகூட ஆல்பா கூடும். அப்போதைக்கு வேலையில்லாத மூளைப் பகுதியை அடக்கிவைக்கும் அலை அது என்பதே இன்று பலர் ஏற்கும் விளக்கம்.

சரி, தாளம் மூளை அலையைத் தன் பின்னால் இழுக்காதா? இழுக்கும். 2011இல் சில்வி நோசரதான் குழு செய்த சோதனை ஒன்று அழகானது. நொடிக்கு 2.4 முறை சீராக வரும் துடிப்பைக் கேட்கவைத்தார்கள்; அதே வேகத்தில் மூளையில் அலை தெரிந்தது. பிறகு ஒலியை மாற்றாமல், ‘இதை இரண்டிரண்டாக எண்ணிக் கற்பனை செய்யுங்கள்’ என்றார்கள். 1.2இல் புதிதாக ஒரு அலை எழுந்தது. மும்மூன்றாக எண்ணச் சொன்னபோது 0.8இல் எழுந்தது. ஒலியில் இல்லாத தாளக்கட்டை மூளை தானே போட்டுக்கொள்கிறது. கச்சேரியில் தொடையில் தாளம் போட்டபடி உட்கார்ந்திருக்கும் ரசிகரின் மண்டைக்குள் நடப்பது இதற்கு நெருங்கிய உறவாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் 1 ஹெர்ட்ஸ். குத்துப்பாட்டு 120 என்றால் 2 ஹெர்ட்ஸ். ஆல்பாவின் 10 ஹெர்ட்ஸைத் தாளத்தால் தொட வேண்டுமானால் நிமிடத்துக்கு 600 அடி விழ வேண்டும். தனி ஆவர்த்தனத்தின் உச்சத்தில் மிருதங்க வித்வான் அந்தப் பக்கம் போகலாம். அதைக் கேட்டுத் தூங்குபவர் யார்?

அதனால்தான் காணொளிக்காரர்கள் வேறு வழி பிடிக்கிறார்கள். வலது காதில் 200 ஹெர்ட்ஸ், இடது காதில் 210 ஹெர்ட்ஸ். வித்தியாசமான அந்தப் 10, ஒலி ஏறி இறங்கும் அதிர்வாகக் கேட்கும். இருசெவி அதிர்வு எனப்படும் இதை 19ஆம் நூற்றாண்டிலேயே ஹைன்ரிக் டோவே என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் கண்டுபிடித்துவிட்டார். எம்ஆர்டி ரயிலில் போகும்போது சோதித்துப் பார்க்கலாம்: ஒரு காதிலிருந்து கருவியை எடுத்துவிடுங்கள், அதிர்வு மறைந்து தட்டையான ஒரே சுரம்தான் மிஞ்சும். இரு காதின் செய்திகளும் மூளைத்தண்டில் சந்திக்கும் இடத்தில்தான் அது உருவாகிறது. தம்புராவில் நடப்பது வேறு. நடுத் தந்திகள் இரண்டும் கொஞ்சம் பிசகியிருந்தால் வவ்-வவ் என்று அலை கேட்கும், சுருதி சேரச் சேர அது மெதுவாகி நின்றுவிடும். அந்த அலை காற்றிலேயே இருக்கிறது, ஒற்றைக் காதுக்கும் கேட்கும்.

இருசெவி அதிர்வு காதுக்கு நிஜம். மூளை அலை அதற்கு இணங்கிப் போகிறதா என்பதுதான் கேள்வி. 2023இல் 14 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். ஐந்து ஆம் என்றன, எட்டு இல்லை என்றன, ஒன்று இரண்டும் கெட்டானாக நின்றது. இதை நம்பிக் காசு கட்டிச் செயலி வாங்க வேண்டாம் என்பது என் கட்சி.

அப்பாவுக்குத் தூக்கம் வந்தது மட்டும் உண்மைதானே? அதற்கு மூளைக்குக் கொஞ்சம் கீழே, மூச்சையும் இதயத்தையும் பார்க்க வேண்டும். மணிக்கட்டில் விரல் வைத்து நாடியைப் பிடித்துக்கொண்டு நிதானமாக மூச்சை இழுத்து விடுங்கள். இழுக்கும்போது துடிப்பு சற்று விரையும், விடும்போது தாமதிக்கும். மூச்சை வெளியே விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பு அதற்குக் கடிவாளம் போடுவதால் வரும் வித்தியாசம் இது. ஆக, மூச்சு நீண்டால் கடிவாளம் பிடிக்கும் நேரமும் நீளும்.

இசை பிடிப்பது இந்த இடத்தைத்தான். இத்தாலியின் லூசியானோ பெர்னார்டி குழு 2006இல் 24 பேருக்கு ஆறு வகை இசையைப் போட்டுக்காட்டியது. அதில் இந்திய ராக இசையும் ஒன்று. வேகம் கூடக்கூட மூச்சும் இரத்த அழுத்தமும் கூடின, மெதுவானால் இறங்கின. எந்தப் பாணி என்பதைவிட வேகமே முக்கியமாக இருந்தது. யாரும் எதிர்பார்க்காதது இன்னொன்று: பாட்டுகளுக்கு நடுவே வைத்த இரண்டு நிமிட இடைவெளியில் துடிப்பும் அழுத்தமும் ஆரம்ப அளவுக்கும் கீழே போயின. மனம் ஒன்றைப் பின்தொடர்ந்துவிட்டு விடுபடும்போதுதான் தளர்ச்சி முழுதாக வருகிறது போலும். மூன்று மணி நேரம் இடைவெளியில்லாமல் ஓடும் காணொளியில் இதற்கு வழியே இல்லை.

கேட்பதைவிடப் பாடுவது இன்னும் நேரடியானது. அதே பெர்னார்டி 2001இல் ஜெபமாலை ஜெபத்தையும் யோக மந்திரத்தையும் உச்சரிக்கச் சொல்லி அளந்தார். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்குச் சுமார் ஆறாகக் குறைந்தது. சாதாரணமாக 12க்கு மேல் இருக்கும். சிராங்கூன் சாலைக் கோயில்களில் ஒரு தேவார அடியை ஒரே மூச்சில் இழுத்துப் பாடி முடிக்கும் பாட்டிமார்கள் இந்த வேலையை எந்தக் கருவியும் இல்லாமல் செய்துகொண்டிருக்கிறார்கள். இதே கதவு மறுபக்கமும் திறக்கும். தைப்பூசத்தன்று காவடிக்காரரின் பக்கத்தில் உறுமி ஏறும்போது சும்மா நிற்பவர் காலும் ஆடுவதில் இதற்கும் பங்கிருக்கலாம்.

தாலாட்டுக்கு வருவோம். 2020இல் வெளியான ஹார்வர்ட் ஆய்வொன்றில், அமெரிக்கக் குழந்தைகளுக்கு அவர்கள் கேட்டேயிராத மொழிகளின் தாலாட்டுகளைப் போட்டார்கள். மற்றப் பாட்டுகளைக் கேட்டபோது இருந்ததைவிட அவர்களின் இதயத் துடிப்பு தணிந்தது, கண்மணி சுருங்கியது. அப்போது தாலாட்டுக்குப் பேர்போன நம் நீலாம்பரி ராகம்? அந்த ராகத்துக்கென்று ரகசிய அதிர்வெண் எதுவும் இல்லை. வேகம் குறைவு, சுரங்கள் தாவாமல் வழுக்கிப் போகும், திடுக்கிட வைக்கும் திருப்பம் கிடையாது. அடுத்து என்ன வரும் என்று மூளை ஊகித்துக்கொண்டே இருக்கும். ஊகம் தப்பாமல் போகும்போது விழிப்பாக இருக்க வேண்டிய காரணமும் குறைகிறது. பிடித்த பழைய பாட்டு சிலருக்குப் புதிய ‘தியான இசை’யைவிட நன்றாக வேலை செய்வதற்கும் இதில் பங்குண்டு. பிடித்த பாட்டின் உச்சத்தில், இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோபமின் என்ற வேதிப்பொருள் மூளையில் சுரப்பதை 2011இல் மொன்றியல் ஆய்வாளர்கள் படம்பிடித்தார்கள்; உச்சம் வருவதற்கு முன்பே, எதிர்பார்ப்பிலேயே, மூளையின் இன்னொரு பகுதியில் அது சுரந்திருந்தது.

ஆகவே தளர்ச்சியோடு மூளை அலைகள் மாறுவது உண்டு, ஆனால் பெரும்பாலும் கடைசியில் என்றே நினைக்கிறேன். மெதுவான பாட்டு மூச்சை நீட்டுகிறது, மூச்சு இதயத்தைத் தணிக்கிறது, வெளியே கவனிக்க வேண்டியது குறைகிறது. அப்புறம்தான் ஆல்பா. தூக்கத்துக்குப் பாட்டு வைப்பவர்கள் பழகிய பாட்டாக, நிமிடத்துக்கு 60 முதல் 80 துடிப்புக்குள், வரிகளைத் தொடர்ந்து யோசிக்க வைக்காததாகப் பார்த்து, அரை மணியில் தானே நிற்கும்படி வைத்தால் போதும்.

ரயிலில் கேட்பவர்களுக்கு ஒன்று மட்டும். சுரங்கப்பாதை இரைச்சலை மீற நாம் ஒலியைக் கூட்டிவிடுகிறோம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம், 90க்குப் போனால் 4 மணி நேரம்தான். தினமும் மேற்கே ஜூரோங்கிலிருந்து கிழக்கே பாசிர் ரிஸ் வரை போய்வருபவருக்கு அந்த 4 மணி நேரம் புதன்கிழமையைத் தாண்டாது.